உச்சந்தலையில் ஒரு பை

எல்லாரும் சுகமாக இருக்கிறீர்களா, பிள்ளைகளுக்குக் காய்ச்சல் சளி ஒன்றும் இல்லையே, என்னைக் கேட்டால் தலையைத் தவிர மற்றதெல்லாம் சுகம், அந்தத் தலையைப் பற்றித்தான் இப்போது தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன், பக்கத்தில் மருமகள் சபிஹா... போன வருஷம் பைக்கின் பின்னால் உட்கார்ந்து பட்டுக்கோட்டை போகும்போது துப்பட்டி சக்கரத்தில் சுற்றிக்கொண்டது, சேலைக்கு மேல் நாங்கள் போர்த்துகிற வெள்ளைத் துப்பட்டி இன்னொரு சேலை நீளம் இருக்கும், முனையைச் சுருட்டி மடியில் வைக்காமல் ஏறிவிட்டேன், இழுத்த இழுப்பில் என் உச்சந்தலையில் உள்ளங்கை அகலத்தை ரோடு எடுத்துக்கொண்டது. உயிர் மிஞ்சியதே பெரிது என்று தொடைத் தோலைச் சீவி அந்த இடத்தில் ஒட்டி அனுப்பினார்கள். வெங்காயச் சருகு போல இருக்கிறது அது, தலையணையில் உரசினால் உடைகிறது, ஆறுகிறது, மறுபடி உடைகிறது... இப்படியே விட்டால் புண் வேறு வியாதியாக மாறிவிடலாம், இனித் தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் ரகுராமன் காலையில் சொன்னார். எப்படி மூடுவது என்பதை மட்டும் நான் சொல்ல வேண்டுமாம். சாப்பிட்டுவிட்டு யோசித்து வாருங்கள் என்று அனுப்பினார். சாப்பிட்டாயிற்று. யோசனைதான் இறங்கவில்லை.

மனிதத் தோலுக்கு இத்தனை வழி இருக்கிறதா என்று காலையிலிருந்து எனக்கு ஆச்சரியம் தீரவில்லை. டாக்டர் திருவையாற்றுப் பக்கத்துக்காரர், வயல் பாஷையில் சொன்னார். மறுபடியும் தொடைத் தோலை ஒட்டுவது நாற்றைப் பிடுங்கி நடுவது மாதிரி, கீழே ஈரம் இருந்தால் பிடிக்கும், சீக்கிரம் ஆறும், செலவும் குறைவு, ஆனால் முடி வராது, மறுபடி உடைந்தாலும் உடையும். பக்கத்தில் இருக்கிற தலைத்தோலை அதன் ரத்தக்குழாயோடு அப்படியே திருப்பி மூடுவது வாய்க்காலோடு வயலை நகர்த்துவது மாதிரி, முடியும் கூட வரும், ஆனால் என் குழி பெரிது, எட்டாது. சென்னைக்குப் போனால் முதுகுச் சதையை எடுத்துவந்து பூதக்கண்ணாடி வைத்து ரத்தக்குழாயோடு ரத்தக்குழாயாகத் தைப்பார்களாம், பகல் முழுக்க ஆபரேஷன், கனமான மூடி, உடையவே உடையாது, முடி மட்டும் இல்லை. கடைசியாக ஒன்று சொன்னார்... நல்ல தலைத்தோலுக்கு அடியில் ஒரு ரப்பர் பையை வைத்து, வாராவாரம் ஊசியால் உப்புத்தண்ணீர் ஏற்றி, ரெண்டு மூன்று மாசத்தில் அதை வீங்க வைத்து, பிறகு பையை எடுத்துவிட்டு அந்தத் தோலை இழுத்து மூடுவது. இரண்டு ஆபரேஷன், செலவு எல்லாம் இரட்டிப்பு, நடுவில் பையில் சீழ் பிடித்தால் எல்லாம் வீண். ஆனால் என் முடி, என் தலையிலேயே.

"மாமி, பேசாம தொடைத் தோலையே ஒட்டிக்கிடுங்க," என்கிறாள் சபிஹா. "முக்காட்டுக்குள்ள இருக்குறது யாருக்குத் தெரியப்போவுது?" ஷார்ஜாவிலிருந்து மகன் அப்சர் போனில், "உம்மா, காசு என் கவலை, அத விடுங்க. ஆனா ஃபஹ்மிதா நிக்காஹ்வ நெனச்சிப் பாருங்க. மாப்பிள்ளைக்குக் கிடைச்சதே ஒரு மாச லீவு." அதுவும் சரிதான், எங்கள் ஊரில் நாள் பார்ப்பது அரபுக்கார முதலாளி, அவன் லீவு கொடுக்கிற தேதிதான் கல்யாணத் தேதி, அதைத் தள்ள முடியாது. ஒட்டுப்போட்டால் மகள் கல்யாணத்துக்குள் ஆறி எழுந்து நிற்பேன். பை வைத்தால் சம்பந்தி வீட்டார் முன்னால் தலையில் ஒரு மேட்டோடு நிற்பேன். கணக்கு இவ்வளவு சுலபம். பின் ஏன் என் வாய் ஒட்டு என்று சொல்ல மாட்டேன் என்கிறது? அவர் இருந்தாலாவது பரவாயில்லை, வெள்ளிக்கிழமை தலை குளித்துவந்தால் ஒரு பார்வை பார்ப்பார், அவரும் போய் ஆறு வருஷம், இனி யாருக்கு இந்த முடி...

எதிர் பெஞ்சில் வந்து உட்கார்ந்த பெண்ணைப் பார்த்ததும் சபிஹா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண்ணின் தலையில் இடது பக்கம் அரை மூடித் தேங்காயைக் கவிழ்த்த மாதிரி ஒரு வீக்கம், அதன் மேல் எண்ணெய் தடவி வாரிய முடி. ஒரத்தநாட்டுப் பக்கம், பேர் தங்கம்மாளாம், பம்புசெட் பெல்ட்டில் கூந்தல் மாட்டிக்கொண்டதாம். "பயந்துட்டீங்களாக்கா? எங்க ஊட்டுக்காரு என்னைய ரெட்டைத்தலைன்னுதான் கூப்புடுறாரு. பஸ்ஸுல ஏறுனா எல்லாரும் எந்திரிச்சி எடம் குடுக்குறாங்க, அது ஒண்ணுதான் லாபம்." வலிக்குமா என்று கேட்டேன். "தண்ணி ஏத்துன அன்னிக்கு விண்ணு விண்ணுனு தெறிக்கும். மறுநாளு ஒண்ணுமில்ல. தொட்டுப் பாருங்க." தொட்டேன். சூடாக இருந்தது, இறுக்கமாக, உள்ளே எங்கோ நாடி துடித்தது, முடியின் வேரெல்லாம் என் விரலுக்கடியில்... போன மாசம் இல்லாத தோல் இது, இந்த மாசம் இருக்கிறது, எங்கிருந்து வந்தது? சுப்ஹானல்லாஹ் என்று என்னை அறியாமல் வாய் முணுமுணுத்தது. கையை எடுக்க மனசில்லை.

கூப்பிட்டார்கள். உள்ளே போனதும் டாக்டரிடம் முதலில் அதைத்தான் கேட்டேன், தோல் ரப்பர் மாதிரி இழுபடுகிறதா என்று. "பாதி இழுபடுதும்மா. மீதி நெசமாவே புதுசா வளருது. புள்ள வளர்றப்ப வயித்துத் தோல் எப்படி எடம் குடுத்துச்சு? அதே கதைதான். ஆனா முடி புதுசா மொளைக்காது, இருக்குற முடி கொஞ்சம் விலகி நிக்கும், அவ்வளவுதான்." மூன்று பிள்ளை பெற்றவள் நான், ஒரு நாளாவது அந்தத் தோலை நினைத்தேனா? குழந்தை உதைத்ததை நினைத்தேன், பிரசவத்தை நினைத்துப் பயந்தேன், யாரும் சொல்லிக்கொடுக்காமல் அது பாட்டுக்கு வளர்ந்து இடம் கொடுத்ததே, அதை ஒரு தரம்கூட நினைக்கவில்லை. ஐம்பத்தேழு வயதிலும் அதற்கு அந்த வேலை மறக்கவில்லையா? பை வைத்துவிடுங்கள் என்றேன். "மாமி, கல்யாணத்துல குன்று மாதிரி நிக்குமே," என்றாள் சபிஹா. "முக்காட்டுக்குள்ளதானே புள்ள, யாருக்குத் தெரியப்போவுது?" என்றேன். டாக்டர் சிரித்துவிட்டார், அவளும்தான், அப்சரிடம் சொல்கிறபோது சிரிப்பாளோ என்னவோ.

"அப்ப முடி வேணும்னு முடிவு பண்ணிட்டீங்க," என்று எழுதிக்கொண்டே கேட்டார் டாக்டர். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் அந்த ஆமாம் பொய்யோ என்று தோன்றுகிறது. முடியா வேண்டும் எனக்கு? கண்ணை மூடினால் முடி வரவில்லை, தங்கம்மாளின் சூடுதான் கைக்கு வருகிறது. என் உடம்பில் இனி தேய்வதற்கும் உதிர்வதற்கும்தான் பாக்கி என்று நினைத்திருந்தேன், அங்கே ஒன்று வளரப்போகிறது, அதைத் தொட்டுப் பார்க்கத்தான் இந்த ரெண்டு ஆபரேஷனுமா, இதை அப்சரிடம் எப்படிச் சொல்வேன்... உங்களிலோ உங்கள் வீட்டிலோ யாருக்காவது இப்படித் தலையில் பை வைத்திருந்தால் எழுதுங்கள். முடி எப்படி வந்தது என்று மட்டும் இல்லை. தோல் வளர்கிறபோது உள்ளே ஏதாவது தெரிந்ததா, அதைச் சொல்லுங்கள்.