தீர்த்தத் திருவிழாவில் திறந்த பார்

தீவக மக்களுக்கு ஓர் அதிமுக்கிய அறிவித்தல்: இருட்டியதும் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடும் நமது நாகரிகக் குறைவு இன்றோடு ஒழிகிறது. குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போகும் வீதியில், நீல விளக்குகளும் ஏசியும் உயரக் கதிரைகளும் கொண்ட 'நீலாம்பரி பார்' பின்னேரம் திறந்துவைக்கப்படும்.

ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ இப்படிச் சொல்லித் திரிந்தது. எழுதிக் கொடுத்தவர் கரம்பொன் குலசிங்கம். ரொறன்ரோவில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, இனி ஊரில்தான் என்று வந்தவர். மனைவி சறோஜினிதேவியின் மனமோ அங்கே பேரப்பிள்ளைகளிடம். ஆகவே வீட்டில் ஓர் உடன்படிக்கை: பார் ஓடினால் இருப்பது, திறப்புவிழாவுக்கே ஆள் வராவிட்டால் ரொறன்ரோவுக்கு ரிக்கற் போடுவது.

நாளைத் தேர்ந்ததில்தான் குலசிங்கத்தின் மேதைமை. நயினாதீவு அம்மனுக்கு அன்று தீர்த்தம். படகேற அந்த வீதியால் சனம் அள்ளுப்பட்டுப் போகும். சனம் வந்தால் வியாபாரம், ரொறன்ரோவில் அப்படித்தான். அம்மனுக்குக் கொடியேறினால் மீன்சட்டி கவிழும், ஊர்க் குடிகாரரும் விரதம் என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது.

"அண்ணை," என்றான் கொழும்பு ஹோட்டலில் வேலை பழகிய பார்மன் ஜெயரூபன், "கள்ளுத் தவறணையிலேயே குடியிருக்கிற நாகமுத்தண்ணை விபூதியோடை போறார். எங்களைக் கண்டு மற்றப் பக்கம் திரும்பிட்டார்."

"நீர் லைற்றைக் கூட்டிப் போடும்."

"லைற்றைக் கண்டு விரதம் முடியுமோ?" என்றார் சறோஜினிதேவி. "நான் ரிக்கற் பாக்கட்டோ?"

சோளகக் காற்றால் நயினாதீவில் மறித்து வைத்திருந்த படகுகள் அப்போதுதான் ஒன்றாக இறங்குதுறைக்கு வந்து சேர்ந்தன. பஸ்ஸைக் காணோம். குழந்தைகளும் கிழவிகளுமாக வெயிலில் நடந்தவர்கள் நீல விளக்கைக் கண்டார்கள். திருவிழா நாளில் வீதியோரம் விளக்கும் பாட்டும் வைத்து ஒருவர் காத்திருந்தால், அது மோர்ப்பந்தல்தானே?

முதலில் படியேறியவர் புங்குடுதீவு ஞானசவுந்தரி. "நல்லாயிருப்பியள் தம்பி. கால் ஏலாமக் கிடக்கு. ஒரு வாய் மோர் தாங்கோ."

இது இன்ன இடமென்று விளக்கக் குலசிங்கம் வாயைத் திறந்தார். சறோஜினிதேவி முந்திக்கொண்டார்: "இருங்கோ அக்கா. ஜெயரூபன், பக்கத்துக் கடையிலை இருக்கிற தயிரெல்லாத்தையும் எடுத்துவாரும்!"

விஸ்கிக்கு வாங்கிய ஐஸ் மோருக்குப் போனது. கொக்ரெயில் குலுக்கும் குவளையில் பச்சைமிளகாயும் சின்ன வெங்காயமும் குலுங்கின. ஜெயரூபன் பழக்க தோஷத்தில் கிளாஸ் விளிம்பில் தேசிக்காய்த் துண்டு செருகினான். உயரக் கதிரைகளில் கிழவிகளைக் கைபிடித்து ஏற்றினார் குலசிங்கம். ஒருத்தி ஏசியைப் பார்த்துக் கும்பிட்டாள். நாகமுத்துவும் திரும்பி வந்தார். போத்தல் அலுமாரிக்கு முதுகு காட்டி இருந்துகொண்டார்.

"அதைப் பாக்காமக் குடிக்கிறது பெரிய பாடப்பா!"

வாழ்த்தாமல் ஒருவரும் இறங்கவில்லை. "அம்மாளாச்சி உங்கடை குடும்பத்தைக் காப்பா," என்று ஞானசவுந்தரி தன் விபூதியைச் சறோஜினிதேவியின் நெற்றியில் பூசிவிட்டுப் போனார்.

குலசிங்கத்துக்குக் கண் கலங்கியது. "ரொறன்ரோவிலை எனக்கு ஆர் இப்பிடி நன்றி சொன்னது?"

"எனக்கும்தான் ஆர் சொன்னது?" என்றார் சறோஜினிதேவி. "ரிக்கற் வேண்டாம். இருப்பம்."

இருவரும் நயினாதீவுப் பக்கம் பார்த்துக் கைகூப்பினார்கள்.

விரதம் முடிந்துவிட்டது. பாரில் இப்போது எல்லாம் கிடைக்கிறது. வருகிறவர்கள் மோர்தான் கேட்கிறார்கள், அதுவும் இலவசமாக.