இடக்கைத் தபால்கரடி

உலகக் கலை வரலாற்றை இரண்டாகத்தான் பிரிக்க முடியும்: தபால்கரடிக்கு முன், தபால்கரடிக்குப் பின். தேயிலைத் தோட்ட ஆபீஸில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற கிராணி சுப்பிரமணியம் இருபது வருடம் உழைத்து எழுதிய நூல் இப்படித்தான் தொடங்குகிறது. அதன் வெளியீட்டு விழாவுக்குக் கோயில் மண்டபத்தில் ஐம்பது நாற்காலி போட்டிருந்தார். வந்தது ஒருவர். அவரும் மழைக்கு ஒதுங்கியவர்.

ஒரு காலத்தில் கொழுந்தெடுத்த மணியம்மா, தானா ராத்தா டவுனில் வாங்கிய ரொட்டிப் பையோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

"முன்னாடி வாங்க, மணியம்மா."

"இங்கயே கேக்குதுலா. அதான் மைக்கு இருக்கே."

ஜொகூரில் இருக்கும் சுப்பிரமணியத்தின் மகள் விக்னேஸ்வரி வருவதாகச் சொல்லியிருந்தாள். காலையில் குரல்பதிவுதான் வந்தது: பிள்ளைக்குக் காய்ச்சல். கூடவே ஒரு காணொளி. "உங்க கரடி கெடச்சிடுச்சிப்பா." சிறுவயதில் பார்த்த கார்ட்டூனை அறுபது வருடம் கழித்துத் தனியாகப் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை. சபையோடு பார்க்கலாமென்று வைத்திருந்தார்.

அவையோர்க்கு வணக்கம் சொல்லி ஆரம்பித்தார். பெரிய படத்துக்கு முன்னால் ஏழு நிமிடம் ஓடிய நாற்பத்தொரு கார்ட்டூன்கள். எல்லாக் கடிதத்தையும் வீடு மாற்றிக் கொடுக்கும் கரடி. தொலைக்காட்சி வந்ததும் கம்பெனி படுத்துவிட்டது, சுருள்கள் போன இடம் தெரியவில்லை.

"தோட்டத்துத் திடல்ல வெள்ளைத்துணி கட்டிப் படம் போட்ட காலத்தில், துரைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவன் நான்" என்றார். முன்னுரையிலும் அப்படியே எழுதியிருந்தார். அடுத்து ஐந்தாம் அத்தியாயம், நூலின் உயிர்: கரடி ஏன் இடக்கையால் கடிதம் கொடுக்கிறது? முப்பத்திரண்டு பக்கம். வரைந்தவர் இடக்கைக்காரர், அடிபட்டு வளர்ந்தவர், கரடியின் கை அவருடைய கண்ணீர்.

மணியம்மா கொட்டாவி விட்டார். சுப்பிரமணியம் மைக்கோடு இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியை நீட்டினார்.

கரடி வந்தது. கதவைத் தட்டியது. வலக்கையால் கடிதம் கொடுத்தது.

"நெட்டுல ஏத்துனவன் திருப்பிப் போட்டுட்டான்" என்றார் சுப்பிரமணியம்.

கரடியின் பையில் இருந்த ஆங்கில எழுத்து நேராகவே இருந்தது. திருப்பிப் போட்டிருந்தால் அதுவும் இடம்வலம் மாறியிருக்கும்.

"எனக்கும் இடக்கைதான் ஞாபகம், கெராணி" என்றார் மணியம்மா. "துணிக்குப் பின்னாலேர்ந்து பாத்தா அப்படித்தானே தெரியும்? முன்பக்கம் துரை வீடு, ஆபீஸ் ஆளுங்க. நம்ம லயத்துக் கூலி சனத்துக்குப் பின்பக்கம்தான்லா."

சுப்பிரமணியம் மைக்கை அணைத்தார்.

"கீழ ஈரமா இருக்கும். எங்கம்மா சாக்கு கொண்டாருவாங்க. நீங்ககூட..." மணியம்மா அதற்கு மேல் சொல்லாமல் ரொட்டியைப் பிய்த்து நீட்டினார். "இன்னொரு தடவ போடுங்க. நல்லாத்தான் இருக்கு."

அவர் போட்டார். இரண்டு பேரும் பார்த்தார்கள். கரடி மறுபடியும் வலக்கையை நீட்டியது.

துரைக்குப் பக்கத்தில் அவருக்கு நாற்காலி இருந்ததே இல்லை. அவருடைய அப்பா புல்வெட்டும் வேலை பார்த்தவர். நாற்பத்தொரு படங்களையும் சுப்பிரமணியம் துணிக்குப் பின்னால், மணியம்மா வீட்டுச் சாக்கில் உட்கார்ந்துதான் பார்த்தார்.