பல்லி சொன்ன வீடு

கிளைவ் ஸ்ட்ரீட்டில், மஜீது பாயின் மசாலாக் கடைக்கு மேலிருந்த அந்த ஒற்றை அறையில் வேலாயுதமும் அவன் மனைவி ரத்தினம்மாவும் மட்டுமா குடியிருந்தார்கள்? விளக்கைச் சுற்றி ஏழெட்டுப் பல்லிகளும் இருந்தன. அவற்றில் வாலறுந்த ஒன்றுதான் ரத்தினம்மாவுக்கு மந்திரி. எதையாவது பேசிக்கொண்டிருக்கும்போது அது 'ச்சு ச்சு' என்றால் போதும், தரையில் விரலால் மூன்று தட்டுத் தட்டி, "பார்த்தீங்களா, சொல்லிடுச்சு!" என்பாள். அதற்கப்புறம் அப்பீலே கிடையாது.

அறுபத்தேழாம் வருஷம், தோ பாயோவில் அரசாங்கம் கட்டிய அடுக்குமாடியில் எட்டாவது மாடி வீடு கிடைத்திருப்பதாகக் கடிதம் வந்தது. தனிக் குழாய், தனிக் கழிவறை! பத்துக் குடும்பத்தோடு வரிசையில் நின்று குளித்தே நொந்துபோன வேலாயுதத்துக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். ரத்தினம்மாவோ, "பல்லி சொல்லட்டும்" என்றுவிட்டாள்.

சோறு வெந்ததா என்பதற்கெல்லாம் வாய் திறக்கும் அந்தச் சனியன், அந்த வாரம் பார்த்து மௌன விரதம் இருந்தது. கடைசி நாள் காலை, அரிசி களைந்தபடி, "அங்க போனா நல்லாயிருப்போமா?" என்று அவள் முணுமுணுத்தாள். அலமாரிக்குப் பின்னால் நின்ற வேலாயுதம் நாக்கால் மூன்று முறை 'ச்சு' கொட்டினான். பீடித் தொண்டை, கூடவே ஓர் இருமலும் வந்து தொலைத்தது. அவள் தரையைத் தட்டினாள்.

"சரி, போலாம்."

புது வீட்டில் சுண்ணாம்பு வாசம்தான் இருந்தது, பேருக்குக்கூட ஒரு பல்லி இல்லை. ரத்தினம்மா வெற்றுச் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பாள். பாய் கடையிலிருந்து மேலே ஏறிவரும் மல்லி வறுபடும் வாசத்துக்கு வேலாயுதமே ஏங்கிப்போனான். பொய் சொல்லிக் கூட்டிவந்துவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

மூன்றாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவனால் தாங்க முடியவில்லை.

"ரத்தினம், அந்த ரூம் இன்னும் காலியாத்தான் இருக்குன்னு பாய் சொன்னாரு. திரும்பிப் போயிடலாமா?"

அடுப்படியில் கத்தி டக் டக்கென்று நறுக்கிக்கொண்டே இருந்தது.

"இல்ல... இங்கயே இருந்துடலாமா?"

'ச்சு ச்சு ச்சு.'

வேலாயுதம் துள்ளி எழுந்து சுவரெல்லாம் தேடினான். பல்லியைக் காணோம். முதுகைக் காட்டிக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த ரத்தினம்மாவின் தோள்கள் சிரிப்பில் குலுங்கின.

"அடிப்பாவி! அன்னிக்கே தெரியுமா?"

"எந்தப் பல்லிங்க இருமும்?"

"அப்புறம் ஏன் வந்தே?"

"ஒரு மனுஷன் பல்லியா மாறுற அளவுக்கு ஆசைப்பட்டாரே, அதான்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா அந்த வாலறுந்தது ஞாபகமாவே இருக்குங்க."

"எனக்குந்தான்" என்றான் வேலாயுதம். பிறகு குனிந்து, புதுத் தரையில் விரலால் மூன்று தட்டுத் தட்டினான்.