ஊமைச்சிக்குள் ஒரு தூக்கம்

மின்சாரப் பேருந்து பணிமனைக்குள் நுழைந்த அன்றே அதற்கு ஊமைச்சி என்று பெயர் விழுந்துவிட்டது. கிளம்பினாலும் சத்தமில்லை, வந்து நின்றாலும் சத்தமில்லை. டீசல் இன்ஜினோடு மல்லுக்கட்டியே பாதிக் காது போன டிரைவர்களுக்கு அது வண்டியாகவே படவில்லை. கியர் இல்லாத வண்டியை ஓட்டுகிறவன் டிரைவரா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

முன்வந்தவர்கள் இரண்டே பேர், அவனும் அவன் மனைவியும். அந்தப் பணிமனையில் அவள் ஒருத்திதான் பெண் டிரைவர். லைசென்ஸ் வாங்கி வந்த நாளிலிருந்து, யாராவது லீவு போட்டால் அந்த வண்டியை ஓட்டு என்று ஊறுகாய் மாதிரிதான் அவளை வைத்திருந்தார்கள். ஊமைச்சி வந்த பிறகுதான் அவளுக்கென்று ஒரு வண்டியும் ஒரு தடமும் அமைந்தது. காலை ஷிப்ட் அவனுக்கு, மதியத்துக்கு மேல் அவளுக்கு. பேருந்து நிலையத்தில் அவள் வீட்டுச் சாவியை நீட்டுவாள், அவன் வண்டியை ஒப்படைப்பான். குடும்பமே ஷிப்டில் ஓடுகிறது என்று ஊரே கிண்டல் செய்தது. அவளுக்கு அதில் பெருமைதான்.

வினை அவனுடைய கடைசி நடையில் வந்தது. தடத்தின் மறுமுனை ஒரு பொட்டல். அங்கே நீண்ட நேரம் நின்றுதான் திரும்ப வேண்டும். டீசல் வண்டிக் காலத்தில் அந்த நேரத்தை, தகரக் கூரைக்கடியில் சட்டைப் பொத்தானைக் கழற்றி விட்டுக்கொண்டு வெயிலைத் திட்டியே கழித்தவன் அவன். ஊமைச்சியிலோ கதவைச் சாத்தி ஏசியை ஓடவிட்டால் சொர்க்கம். நிற்கும்போது ஏசி போடக்கூடாது, சார்ஜ் இறங்கும் என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். "நாலஞ்சு நிமிஷம்தானே, அதுல என்ன கொள்ளை போயிடப் போகுது" என்றான் முதல் நாள். சில்லறை என்று எல்லோரும் கூப்பிடுகிற கண்டக்டர் அதற்குள் பின் சீட்டில் குறட்டை விடத் தொடங்கியிருந்தார். பிறகு அது வழக்கமாகிவிட்டது. அடுத்த வண்டி வந்து ஹாரன் அடித்தால்தான் இருவரும் எழுந்தார்கள்.

வண்டியை வாங்கும்போது அவள் சார்ஜ் காட்டும் திரையைப் பார்ப்பாள். "என்னங்க, இன்னைக்கும் கம்மியா இருக்கு?"

"இன்னைக்குக் கூட்டம் ஜாஸ்தி. ஓடும், போ. ஆக்ஸிலேட்டரை அழுத்தி மிதிக்காதே. காலை வெச்சும் வைக்காம ஓட்டு."

அந்த நேரத்துக்கு வாயில் வந்த சமாளிப்பு அது. அவள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். அவளைவிடச் சீனியர், பாராட்டு வாங்கிய டிரைவர், அதற்கு மேல் புருஷன். சந்தேகப்பட அவளுக்கு என்ன இருக்கிறது?

ஆஸ்பத்திரி மேட்டில் ஊமைச்சி சார்ஜ் தீர்ந்து நின்றது அவளுடைய கடைசி நடையில். அப்போது பார்வை நேரம் தொடங்கியிருந்தது. நோயாளிகளுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறவர்கள் தூக்குப் பாத்திரங்களோடு இறங்கி மேடேறினார்கள். காலில் கட்டுப் போட்ட ஒரு பெண்மணியை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். படிக்கட்டருகே நின்று, இறங்கிய ஒவ்வொருவரிடமும் அவள் மன்னிப்புக் கேட்டாள். "பொம்பளை கையில குடுத்தா இப்படித்தான்" என்று ஒருவர் அவள் காதுபடவே சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரம் அதே மேட்டில் மறுபடியும் நின்றது.

அதன் பிறகு அவன் ஏசியைத் தொடவில்லை. தொடாமல் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும், யாரும் எதையும் கேட்கமாட்டார்கள் என்று கணக்குப் போட்டான். சில்லறையும் தன் பங்குக்கு, "அண்ணே, கிளறாதீங்க. உங்க பேரோட என் பேரும் சேர்ந்து நாறும்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். ஊமைச்சிக்கு வாயில்லை என்பது அவனுக்கு வசதியாகத்தான் இருந்தது.

ஆனால் ஒரு நாள் ராத்திரி சாப்பிடும்போது கை நழுவிய கரண்டியை எடுக்க மேசைக்கடியில் குனிந்தான். அவள் ஒரு துண்டை இறுக்கமாகச் சுருட்டித் தரையில் வைத்து, அதன்மேல் வலது காலை மெல்ல வைத்து, மெல்ல எடுத்துக்கொண்டிருந்தாள். மேலே முகம் தட்டைப் பார்த்திருந்தது. கீழே கால் தன் பாட்டுக்குப் பாடம் படித்தது.

"என்ன பண்றே?"

"நீங்க சொன்னதுதான். என் கால் கனமா விழுது போல. பழக்கினா வந்துரும்."

அவனுக்குச் சாப்பாடு தொண்டையில் நின்றது. அப்போதே சொல்லியிருக்கலாம். தண்ணீரைக் குடித்துவிட்டு, "வந்துரும்" என்றான். அந்த ஒரு வார்த்தைக்காகத் தன்னைத்தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மறுநாளும் துண்டு அங்கேதான் இருந்தது, அதற்கு மறுநாளும். அவன் மேசைக்கடியில் பார்க்காமல் சாப்பிடப் பழகிக்கொண்டான். அவள் ஒரு பழக்கம், அவன் ஒரு பழக்கம்.

மேலாளர் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. மேலிடத்துக்குப் பதில் சொல்லியே பாதி முடி கொட்டிப்போனவர்.

"ஒரே வண்டி, ஒரே ரோடு. உங்க வீட்டுக்காரர் ஓட்டுறப்போ நிக்கலை. உங்க கையில மட்டும் ரெண்டு தடவை நின்னிருக்கு. நான் என்னம்மா செய்யட்டும்?"

அவள் எழுந்து நின்றாள். "சார், தப்பு என் கால் மேலதான். பழகிட்டுத்தான் இருக்கேன், ஆனா நம்பிக்கை வரலை. என்னை டிக்கெட் கவுன்ட்டருக்கு மாத்திடுங்க. ஜனங்க மறுபடி மேடேறி நடக்கவேண்டாம்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட அவன் சமாதானம் சொல்லித் தப்பித்திருப்பான்.

"சார்" என்றான். "அவ கால்ல ஒண்ணுமில்லை. கடைசி நடையில வண்டியை நிறுத்தி ஏசி போட்டுத் தூங்கினது நான். தினமும். சார்ஜ் அதுலதான் போச்சு."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். அவள் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பான். கணக்குத் தப்பிப்போன பிள்ளை விடையைச் சரிபார்க்கிற மாதிரி அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊமைச்சி அவளிடமே இருந்தது. அவனை டீசல் வண்டிக்கு மாற்றி, விளக்கம் கேட்டு ஓலையும் கொடுத்தார்கள். சில்லறையின் பெயரை அவன் சொல்லவில்லை. அந்த ஆளோ அன்றிலிருந்து அவனைக் கண்டால் வேறு பக்கம் பார்த்தார்.

அன்று வீடு திரும்பியதும் அவள் நேரே உள்ளே போய், மேசைக்கடியில் கிடந்த துண்டை எடுத்து உதறினாள்.

"ஏசி போட்டுத் தூங்கினீங்க, சரி. அந்த வெயிலுக்கு யாரா இருந்தாலும் தூங்குவாங்க" என்றாள். "நான் இதைக் காலுக்கடியில வெச்சுப் பழகினேனே, அப்போ எதிர்ல உக்காந்து சாப்பிட்டீங்களே. எப்படிங்க இறங்குச்சு?"

இறங்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தான். ஆனால் இறங்கியதே, தினமும் வயிறாரத்தானே சாப்பிட்டான்.

சில நாள் கழித்து அவனுடைய டீசல் வண்டியும் அந்தப் பொட்டலில் போய் நின்றது. வெயில் தீயாய்க் காய்ந்தது. பக்கத்தில் ஊமைச்சி, கதவுகளும் ஜன்னல்களும் விரியத் திறந்து கிடக்க, நின்றுகொண்டிருந்தது. ஷிப்ட் மாற்றத்தில் அந்த நடை இப்போது அவளுக்கு வந்திருந்தது. டிரைவர் சீட்டில் அவள் வேர்த்து வழிந்து உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் அதே துண்டு.

அவனுக்கு மனசு கேட்கவில்லை. ஜன்னலுக்குக் கீழே போய் நின்றான். "இப்படி வேகுறியே. கொஞ்ச நேரம் ஏசியைப் போட்டுக்கோயேன். நாலஞ்சு நிமிஷம்தானே."

அவள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரி மேடு இருக்குங்க" என்றாள்.

அவன் தகரக் கூரைக்கடிக்குத் திரும்பிப் போனான். அன்று அவன் வெயிலைத் திட்டவில்லை.