ஐயாத்துரை கிராணி ஓடிய நாள்

ஏரம்பமூர்த்தி மாமா வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து பிரான்ஸ் நாட்டுக்குப் பொல்லாத காலம் பிடித்தது.

மாமா வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். கோலாலம்பூரிலிருந்த மகன் தன் பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்து, டெலிபோன் கம்பியில் இணையத்தையும் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். வங்கிக் காலத்து நண்பர்கள் அனுப்பும் ஜோக்குகளை மாமா ஒன்று விடாமல் அச்செடுத்து ஒரு கோப்பில் சேர்த்தார். எந்த நாட்டுக்காரனும் தப்பவில்லை. ஆனால் பிரெஞ்சுப் படையைப் பற்றிய ஜோக்குகள் வர ஆரம்பித்ததும் மற்றவற்றை அவர் கைவிட்டுவிட்டார். தங்கை மகள் யோகலட்சுமிக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை பிரான்ஸிலிருந்து வர இருந்தான். மாமாவுக்கு அந்தச் சம்பந்தம் பிடிக்கவில்லை.

பினாங்கில் டத்தோ கெராமாட் சாலைக்குப் பக்கத்திலிருந்த தங்கை வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்தக் கோப்பும் கூடவே வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் விளக்குவார். பிரெஞ்சுக் கொடியில் நீலமும் சிவப்பும் எதற்கு? போர் வந்தால் இரண்டு ஓரத்தையும் கிழித்துப் போட்டுவிட்டு நடுவிலிருக்கும் வெள்ளையை ஆட்டுவதற்கு. பிரெஞ்சுப் படையில் முதல் நாள் என்ன பயிற்சி? இரண்டு கையையும் மேலே தூக்குவது. இரண்டாம் நாள்? பயிற்சி முடிந்தது, விடுமுறை. அந்த வருஷம் கால்பந்து உலகக் கோப்பையைப் பிரான்ஸ் வென்றபோது மாமா கொஞ்சமும் அசரவில்லை. காலம் காலமாக ஓடிப் பழகிய கால், கோப்பை வாங்காமல் என்ன செய்யும் என்று கேட்டார்.

அதற்கு யோகாவே சிரித்துவிட்டாள். அது யாரை நோக்கி வருகிறது என்பது சிரித்து முடித்த பிறகுதான் அவளுக்குப் புரிந்தது.

மாப்பிள்ளை பரமநாதன் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. கணக்கு வாத்தியார். தொண்ணூற்றைந்தில் போர் நெருங்கி ஊரே கிளம்பி வெளியேறியபோது அவனும் வெளியேறியவன். இப்போது பாரிஸில் ஒரு சாப்பாட்டுக் கடையின் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே படித்துக்கொண்டிருந்தான். யோகாவின் குடும்பமும் யாழ்ப்பாணத்துக் குடும்பம்தான், ஆனால் வெள்ளைக்காரன் காலத்தில் கிராணி வேலைக்கு, அதாவது குமாஸ்தா வேலைக்கு, பினாங்கு வந்த குடும்பம். "நாம டிக்கெட் எடுத்துக் கப்பல்ல வந்தவங்கதான்லா. அவன் அப்படியா?" என்பது மாமாவின் வாதம்.

மாமாவின் வாதத்தை ஒதுக்கவும் முடியாது. யோகாவின் அப்பா அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே போய்விட்டார். கல்யாணத்தில் பெண்ணின் கையைப் பிடித்து, நீர் விட்டுத் தாரை வார்த்துக் கொடுக்க மாமாவும் அத்தையும்தான் நிற்க வேண்டும். அம்மா நல்லம்மா நல்ல காரியம் நடக்கும் இடங்களில் முன்னால் வருவதே இல்லை. புருஷனை இழந்தவள் என்று யாரும் சொல்லுமுன் தானே பின்கட்டுக்குப் போய்விடுவாள். மாமா தலையை ஆட்டாவிட்டால் கல்யாணம் இல்லை.

யோகா வேதியியல் படித்தவள். கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த் பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அங்கே அவளை ஊமை என்பார்கள், கெட்ட எண்ணத்தில் இல்லை. வேலை விட்டு பெர்ரியில் இக்கரை வந்ததும் சூலியா தெருவரை நடப்பாள். அப்துல் அஜீஸின் கடையில் முன்னால் நாணய மாற்று, பின்னால் மூன்று கம்ப்யூட்டர்கள். "தங்கச்சி, பாரிஸ் லைன் இன்னிக்கு ஸ்லோலா, தேத்தண்ணி குடிச்சிட்டு உக்காரு" என்பார் அஜீஸ். வாயால் பத்து வார்த்தை பேசாதவள் அங்கே பரமநாதனுக்குப் பக்கம் பக்கமாக எழுதினாள்.

மாமாவின் ஜோக்குகளைப் பற்றியும் எழுதினாள். எங்கள் சமையலறையிலும் இதே ஜோக்குகள் உண்டு என்று பரமநாதன் பதில் போட்டான். போர்த்துக்கல்காரச் சமையற்காரன் பிரெஞ்சுக்காரனைப் பற்றிச் சொல்வான், பிரெஞ்சு முதலாளி போர்த்துக்கல்காரனைப் பற்றிச் சொல்வார், தமிழனைப் பற்றி இரண்டு பேரும் சேர்ந்து சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் சிரிக்கப் பழகிவிட்டேன், ஒன்றே ஒன்றுக்கு மட்டும் இன்னும் முடியவில்லை என்று எழுதியிருந்தான். எது என்று எழுதவில்லை. அவளும் கேட்கவில்லை.

அன்று அவள் உடனே எழுந்துவிடாமல் வேறொன்றைத் தேடினாள். சந்தேகம் வந்த அளவை மறுபடி அளந்து பார்ப்பது அவள் வேலை. பிரெஞ்சுக்காரன் எப்போதும் ஓடினானா? உலகம் முழுவதையும் அளக்க அவளால் முடியாது. தனக்குத் தெரிந்த ஒரு நாளை மட்டும் எடுத்துக்கொண்டாள். பினாங்குக்கு எம்டன் கப்பல் வந்த நாள். அவள் வீட்டில் அந்த நாளைத் தெரியாதவர்கள் கிடையாது. தேடியதைப் படித்து முடித்துவிட்டு, அச்செடுக்காமல், காசு கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பரமநாதன் வந்தான். பிரான்ஸ் அரசாங்கம் அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் பத்திரத்தில் வந்திருந்தான். படத்தில் பார்த்ததைவிட ஒல்லி. அந்த வெயிலில் முழுக்கைச் சட்டையைப் பொத்தான் போட்டு மூடியிருந்தான். கொண்டுவந்த சாக்லேட் வழியிலேயே உருகிப்போனதற்கு அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டான். அம்மாவுக்கு அவனைப் பிடித்துவிட்டது என்பது அவள் மறுசோறு போட்ட வேகத்தில் தெரிந்தது.

சாப்பாடு முடிந்து கூடத்தில் உட்கார்ந்ததும் மாமா கோப்பைத் திறந்தார். அத்தை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"தம்பி, உங்க நாட்டு ஜோக் கொஞ்சம் வச்சிருக்கேன். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்கோ மாமா."

கொடி ஜோக் வந்தது, பயிற்சி ஜோக் வந்தது. பரமநாதன் வாய்விட்டுச் சிரித்தான். பிறகு தன் பங்குக்கு ஒன்று சொன்னான். பிரெஞ்சுக்காரன் எந்தச் சண்டையையும் பாதியில் விடமாட்டான், மத்தியானச் சாப்பாட்டு நேரம் வந்தாலொழிய. அதைச் சொன்னது அவனுடைய முதலாளியேதானாம். அத்தை சிரித்தாள், சமையற்கட்டு வாசலில் நின்ற அம்மாவும் சிரித்தாள். மாமா சிரிக்கவில்லை. குத்தினால் குத்த வேண்டிய இடத்தில் குத்த வேண்டும், இவனுக்கு வலிக்கவே இல்லை. கோப்பை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஓடுறவங்களுக்கு ஓடுற நாடுதான் பொருத்தம், இல்லையா தம்பி? நீங்களும் ஜாஃப்னாவ விட்டு ஓடினவர்தானே."

பரமநாதனின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. கண்ணில் மட்டும் இல்லை. அவனால் சிரிக்க முடியாத அந்த ஒன்று இதுதான் என்று யோகாவுக்குத் தெரிந்தது.

"ஓம் மாமா," என்றான். "ஓடினனான்."

"தப்பா எடுத்துக்காதீங்க. பொண்ணு வீட்டுக்காரன் கேக்கத்தான் வேணும். ஆம்பிளைன்னா நிக்கணும்லா. நாளைக்கு ஒண்ணுன்னா எங்க பொண்ண நடுத்தெருவுல விட்டுட்டு ஓட மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?"

பரமநாதன் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாத்திரம் கழுவும் மருந்தில் தோல் வெடித்த கைகள். அவன் எழுந்து போய்விடுவான், மாமா எதிர்பார்ப்பதும் அதைத்தான் என்று யோகா நினைத்தாள்.

"மாமா," என்றாள். "ஐயாத்துரை தாத்தா எம்டனப் பாத்த கதைய இவருக்குச் சொல்லுங்க."

மாமா திரும்பிப் பார்த்தார். அவள் அவரிடம் எதையும் கேட்டதில்லை. கேட்டது அவருக்கு மிகவும் பிடித்த கதையாக வேறு இருந்தது. பேச்சை மாற்றிச் சமாதானம் செய்கிறாள் என்று எண்ணிக்கொண்டு உற்சாகமாகத் தொடங்கினார்.

மாமாவின் தாத்தா ஐயாத்துரை. துறைமுகத்தில் கிராணி. கூடத்துச் சுவரில் அவர் படத்தை மாலையோடு மாட்டியிருந்தார்கள், தலைப்பாகையும் கோட்டுமாக. முதல் உலகப் போர், பதினாலாம் வருஷம் அக்டோபர் மாதம், விடியாத விடியலில், ஜெர்மன்காரனுடைய எம்டன் துறைமுகத்துக்குள் நுழைந்தது. மூன்று புகைபோக்கியோடு நாலாவதாக ஒரு பொய்ப் புகைபோக்கி கட்டி, இங்கிலீஷ்காரன் கப்பல் மாதிரி வேஷம் போட்டு வந்தது. நின்றுகொண்டிருந்த ரஷ்யக் கப்பலை அடித்து இரண்டாக்கியது. தாத்தா அதைக் கண்ணால் கண்டவர். கண்டதும் என்ன செய்தார்? வீட்டுக்கு ஓடினார். கைக்குழந்தையாக இருந்த மாமாவின் அப்பாவை ஒரு கையிலும் உலையில் இருந்த சோற்றுப் பானையை மறு கையிலும் எடுத்துக்கொண்டு, குடும்பத்தையே மாட்டுவண்டியில் ஏற்றி ஆயர் ஈத்தாம் மலையடிவாரத்தில் கொண்டுபோய் விட்டார். பானை சூடு கையைச் சுட்டும் விடவில்லையாம். தீபாவளிக்குத் தீபாவளி சொல்வதுபோலவே மாமா இந்த இடத்தில் நிறுத்தினார். எல்லோரும் எப்போதும்போலச் சிரித்தார்கள்.

"எம்டன்லா எம்டன்," என்று மாமா தலையை ஆட்டினார். "இன்னிக்கும் கெட்டிக்காரனப் பாத்தா நாம எம்டன்னுதானே சொல்றோம்."

"தாத்தா மலைக்கு ஓடிட்டிருந்தப்போ, எம்டன் வெளிய போற வழியில எதிர்ல ஒரு கப்பல் வந்துச்சு மாமா. அது எந்த நாட்டுக் கப்பல்னு தெரியுமா?"

மாமாவுக்குத் தெரியவில்லை. கதையில் அந்த இடம் எப்போதும் இருந்ததில்லை.

"பிரெஞ்சுக் கப்பல். மூஸ்கேன்னு பேர். எம்டனுக்குப் பத்துல ஒரு பங்குகூட இருக்காது, அவ்வளவு சின்னது. காவல் சுத்திட்டுத் திரும்பி வந்துட்டிருந்தது. எதிர்ல நிக்கிறது யாருன்னு முதல்ல தெரியல. தெரிஞ்சப்போ குண்டு விழுந்துட்டிருந்தது. திருப்பிச் சுட்டாங்க. முழுகுறவரைக்கும் சுட்டாங்க. கேப்டனுக்குக் கால் போயிருச்சு, மேல்தட்டுலயே தன்னைக் கட்டிவிடச் சொன்னாராம். பாதிக்கு மேல செத்துப்போயிட்டாங்க. நம்ம கடல்ல, நம்ம பினாங்குக்குக் காவலா வந்தவங்க."

அவள் இவ்வளவு நேரம் பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

"அன்னிக்குத் துறைமுகத்துல வேற பிரெஞ்சுக் கப்பலும் நின்னுச்சு. அதுங்க அசையல. அதையும் படிச்சேன். பிரெஞ்சுக்காரன் எல்லாம் வீரன்னு நான் சொல்ல வரல."

மாமாவின் முகம் சிவந்துவிட்டது. "அப்ப என்ன சொல்ற? எங்க தாத்தா கோழையா?"

"இல்ல. ஓடினது சரின்னு சொல்றேன்." குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டாள். "குழந்தையத் தூக்கிட்டு ஓடினார். ஓடலன்னா நீங்க இங்க உக்காந்திருப்பீங்களோ என்னமோ, தெரியாது. இவர் ஊர விட்டு வந்ததப் பத்தி எழுதியிருக்கார். அவங்கம்மாவ சைக்கிள்ல உக்கார வச்சு, மழையில, அவ்வளவு சனத்துக்கு நடுவுல தள்ளிட்டுப் போனார். என்ன நிச்சயம்னு கேட்டீங்க. எனக்கு அதுதான் நிச்சயம். தாத்தா ஓடினதுக்கு மாலை போட்டிருக்கோம். இவர் ஓடினதுக்கு ஜோக் படிக்கிறோம். ஏன் மாமா?"

மாமா எழுந்தார். மடியிலிருந்த கோப்பு கீழே விழுந்து தாள்கள் பரவின. அத்தை குனிந்து பொறுக்கப் போனாள், மாமா அவளை வேண்டாம் என்று கையால் நிறுத்தினார்.

"வாய் வந்துருச்சுல்ல. நல்லது. தாரை வார்த்துக் குடுக்க வேற ஆளப் பாத்துக்க."

அது வரும் என்று யோகாவுக்குத் தெரியும். பேச ஆரம்பித்தபோதே தெரியும்.

"அம்மா நிப்பாங்க," என்றாள்.

மாமா சிரித்தார். "நல்லா இருக்கும். தாலி போனவ கையால தாரை வார்த்து ஒரு கல்யாணம். ஊரு பேசும்."

யோகா அம்மாவைப் பார்க்கவில்லை. பார்த்தால் அது கேட்பதுபோல ஆகிவிடும். அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. பிறகு நிலையை விட்டு, ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, கூடத்துக்குள் வந்தாள். அண்ணனைத் தாண்டி மாப்பிள்ளைக்கு முன்னால் போய் நின்றாள்.

"தம்பி, நான் நின்னா உங்க வீட்டுல ஒத்துக்குவாங்களா?"

பரமநாதன் எழுந்து நின்றான். "அம்மாட்ட கேட்டுச் சொல்லுறன் மாமி," என்று தொடங்கியவன் தலையை அசைத்து நிறுத்திக்கொண்டான். "இல்லை, கேக்கத் தேவையில்லை. எங்கட அப்பாவும் இல்லை. அங்காலயும் அம்மாதான் நிப்பா."

"அப்ப சரி," என்றாள் அம்மா. பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நாள் குறிச்சதும் சொல்லி அனுப்புறேன். வந்து முன்வரிசையில உக்காருங்க. நான் முன்னால நிக்கிறேன்."

மாமா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அத்தை அவர் பின்னால் இறங்கினாள். வாசலில் காரின் கதவு இரண்டு முறை அறைந்து மூடும் சத்தம் கேட்டது.

அம்மா பாயசம் எடுத்துவர உள்ளே போனாள். யோகா கூடத்தில் நின்றுகொண்டே இருந்தாள். பரமநாதன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்து, இருங்கோ என்றான்.

"வேணாம்," என்றாள் அவள். "கொஞ்ச நேரம் இப்படியே நிக்கிறேன்."