விடுபட்ட முதல் பகுதி

மரியதாஸின் அப்பா சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் டிரில் மாஸ்டராக இருந்தவர். மனுஷன் விசிலை வாயில் வைத்துக்கொண்டேதான் செத்தார் என்று தெருவில் கேலி பேசுவார்கள். விசில் மகனுக்கு வரவில்லை. வரிசை கலைந்தால் பொறுக்காத அந்த வியாதி மட்டும் அப்படியே வந்து சேர்ந்தது. சாப்பாட்டு மேஜையில் தண்ணீர் டம்ளர் இடம் மாறியிருந்தால்கூட நகர்த்தி வைத்துவிட்டுத்தான் உட்காருவான்.

தொண்ணூற்றாறில் அவனுக்கு முப்பத்திமூன்று வயது. அடையாறில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. ஊரில் முக்கால்வாசிப் பேர் இன்டர்நெட் என்ற சொல்லையே கேள்விப்படாத அந்தக் காலத்தில் அவன் அறையில் அது நாள் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. அதில் நியூஸ்குரூப்புகள் வரும். ஒருவர் எழுதிப் போட்டால் சர்வர் சர்வராகத் தாண்டி உலகம் முழுக்கப் போய்ச் சேருகிற அறிவிப்புப் பலகைகள். வானசாஸ்திரத்துக்கு ஒன்று, சமையலுக்கு ஒன்று, பூனை வளர்ப்புக்கு ஒன்று. வயது வந்தவர்கள் மட்டும் பார்க்கிற படங்களுக்கும் ஒன்று.

அந்தக் கடைசிப் பலகைக்குத்தான் மரியதாஸ் சட்டாம்பிள்ளை. யாரும் அவனை நியமிக்கவில்லை. பொய் சொல்வானேன், அவனும் படம் பார்க்கப் போனவன்தான். ஆனால் போன முதல் வாரமே அங்கே இருந்த அலங்கோலம் அவன் கண்ணை உறுத்தியது. படத்தை அப்படியே அனுப்ப முடியாது. ஒரு சின்ன புரோகிராமில் கொடுத்து எழுத்துகளாக மாற்றி, நாலைந்து துண்டாக வெட்டி, ஒவ்வொன்றாகப் போட வேண்டும். எடுக்கிறவர் அத்தனை துண்டையும் வரிசையாக ஒட்டி மறுபடி படமாக்கிக்கொள்ள வேண்டும். ஒருத்தன் துண்டுகளுக்கு எண் போட மாட்டான். இன்னொருத்தன் கடைசித் துண்டை மறந்துவிட்டுத் தூங்கப் போய்விடுவான். மூன்றாவது ஆள் நடுவில் புகுந்து நன்றி, நன்றி என்று பத்துத் தடவை எழுதுவான். டிரில் மாஸ்டர் மகனுக்கு இது தாங்குமா?

பதினாலு விதி எழுதினான். டிரில்மாஸ்டர் என்ற புனைபெயரில், நல்ல இங்கிலீஷில், எந்த மென்பொருளை எங்கே வாங்கி எப்படி ஓட்டுவது என்பதுவரை விளக்கி, பதினைந்து நாளுக்கு ஒரு தடவை பலகையில் ஒட்டினான். பதினெட்டு வயதுக்குக் கீழே யாருடைய படமும் கூடாது என்பது முதல் விதி. சொந்தப் பெயரையும் முகவரியையும் மறைத்துப் போடுவது எப்படி என்பது மூன்றாவது. துண்டுகளுக்கு முன்னால் பூஜ்யம் என்று எண்ணிட்டு, படத்தில் என்ன இருக்கிறது, எவ்வளவு பெரிசு என்று ஒரு குறிப்புப் போட வேண்டும் என்பது நாலாவது. இங்கே பேச்சு, விவாதம், பிரசங்கம் கூடாது, நன்றி சொல்ல வேண்டுமானால் தனி மெயிலில் சொல் என்பது ஒன்பதாவது. அமெரிக்காவில் ஒருத்தன், ஹாலந்தில் ஒருத்தன் எல்லாம் அவனை மாஸ்டர் என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். ஆபீசில் அவனை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

ஆறாவது விதிதான் அவனுக்குச் செல்லம். ஒரு துண்டு வழியில் தொலைந்துபோனால், கேட்கிறவர் பெயரும் எண்ணும் சொல்லி ஒரே ஒரு தடவை கேட்க வேண்டும். யாரிடம் இருக்கிறதோ அவர், ஏன் எதற்கு என்று கேட்காமல் அதைப் போட வேண்டும். இதற்கென்றே ஒரு புரோகிராம் எழுதி வைத்திருந்தான். பெயரைத் தட்டினால் துண்டைத் தேடி எடுத்துத் தானே அனுப்பிவிடும். அனுப்பியதையெல்லாம் ஒரு நீளநோட்டில் எண் போட்டுக் குறித்துக்கொள்வான். படத்தைத் திறந்து பார்ப்பது மட்டும் கிடையாது. அந்த ஆசை ஒரு வருஷத்துக்கு முன்னாலேயே விட்டுப்போயிற்று. தபால்காரன் கடிதத்தைப் பிரித்துப் படிப்பானா என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வான். அதில் அவனுக்கு அவ்வளவு பெருமை.

அந்தப் பெருமையை அடித்துக்கொள்ள அவனுக்கு ஒரே ஓர் ஆள்தான் கிடைத்தான், ஆண்ட்ரூ. மரியதாஸின் தங்கை ஐவிக்கு நிச்சயமாகியிருந்த மாப்பிள்ளை. தி.நகரில் ஒரு டிடிபி கடையில் ஸ்கேனர் ஓட்டுகிறவன், கெட்டிக்காரன், 'மச்சான், மச்சான்' என்று காலைச் சுற்றியவன். மரியதாஸ் அவனுக்கு ஆபீஸ் மிஷினில் ஓர் அக்கவுன்ட் திறந்து, போன் வழியாக உள்ளே வரக் கற்றுக்கொடுத்து, பதினாலு விதிகளையும் பிரின்ட் எடுத்துக் கையில் கொடுத்தான். வீட்டில் சொல்லாதே என்று மட்டும் சொன்னான்.

எட்டு மாதத்தில் ஐவி அந்தச் சம்பந்தத்தை முறித்தாள். அவளுக்குப் பள்ளிக்கூட முகவரியில் வருகிற கடிதங்களைக்கூட ஆண்ட்ரூ வாங்கிப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தான். இருபத்தேழு வயசில் கணக்கு டீச்சராக இருக்கிறவள், கேட்டுப் பார்த்தாள், அழுது பார்த்தாள், மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டாள். மரியதாஸ் தங்கையைத்தான் திட்டினான். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிட்டுப் போனா என்ன?" என்றான். ஆண்ட்ரூவின் அக்கவுன்டை மூடவும் அவனுக்குத் தோன்றவில்லை.

செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், பலகையில் ஒரு புதுப் படம் வந்திருந்தது. மரியதாஸ் தலைப்பு வரிகளைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தான். பூஜ்யத்தில் குறிப்பு: ஒரு பெண், ஜன்னலோரம், பகல் வெளிச்சம், இத்தனை அளவு, இத்தனை நிறம். பிறகு ஒன்றிலிருந்து நாலு வரை அச்சடித்தாற்போல எண். பெயரும் முகவரியும் மறைத்திருந்தது. ஒரு வரி குறைவில்லை, ஒரு வரி கூடுதல் இல்லை. இரண்டு வருஷமாகத் தொண்டை கிழியக் கத்தியதற்கு ஒருத்தனாவது காது கொடுத்தானே என்று அவனுக்கு மனசு நிறைந்துவிட்டது. உடனே எழுதினான்: 'புதியவர் ஒருவர் போட்டிருக்கிறார். இதுதான் முறை. எல்லோரும் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.'

பாராட்டைப் படித்து வந்தவர்களுக்கு ஏமாற்றம். முதல் துண்டு எங்கேயும் இல்லை. இரண்டு, மூன்று, நாலு இருக்கிறது, ஒன்றைக் காணோம். படத்தின் பெயரும் ஆரம்பமும் முதல் துண்டில்தான் இருக்கும். அது இல்லாவிட்டால் மற்ற மூன்றும் வெறும் எழுத்துக் குப்பை, தலைகீழாக நின்றாலும் ஒட்ட முடியாது. ஹாலந்துக்காரன் விதிப்படி ஒரே ஒரு தடவை கேட்டான். மரியதாஸின் சர்வரில் ஒன்று பத்திரமாக இருந்தது. உலகத்தில் யாரிடமும் இல்லாதது நம்மிடம் மட்டும் எப்படி இருக்கிறது என்று ஒரு நொடி தோன்றியது. ஒரே ஒரு நொடிதான். பெயரைத் தட்டினான், போயிற்று. நீளநோட்டில் குறித்துவிட்டு டிபன் பாக்ஸைக் கழுவப் போனான்.

மறுநாள் காலையில் தனி மெயிலில் ஒருவர் நன்றி சொல்லியிருந்தார், ஒன்பதாம் விதிப்படி. கூடவே ஒரு கேள்வி. 'நான் பழைய தேவாலயக் கட்டடங்களில் ஆர்வமுள்ளவன். படத்தில் ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாக ஒரு கூர்க்கோபுரம் தெரிகிறதே, அது எந்த ஊர்?'

வீடு இருக்கிற சாந்தோமிலும் அப்படி ஒரு வெள்ளைக் கோபுரம் உண்டு. மரியதாஸ் ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஒரு படத்தை ஒட்டித் திறந்தான்.

அந்த மிஷினில் படம் மேலேயிருந்து கீழாக, வரி வரியாகத்தான் வரும். முதலில் பச்சை ஜன்னல் கதவின் மேல்பாகம். அப்புறம் கோபுரத்தின் உச்சி. பிறந்ததிலிருந்து தினமும் பார்க்கிற கோபுரம். ஆண்ட்ரூ வீட்டு மாடியறை ஜன்னலிலிருந்துதான் அது இந்தக் கோணத்தில் தெரியும். அப்புறம் தலைமுடி, நெற்றி, கண். கேமராவுக்குப் பின்னால் நிற்கிறவனை முழுசாக நம்பிச் சிரிக்கிற கண். மூக்குவரை வந்ததும் மரியதாஸ் மானிட்டரை அணைத்தான்.

இருட்டான திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் மிச்சம் எல்லாம் விளங்கியது. படம் கிளம்பியதே இந்த மிஷினிலிருந்துதான். முதல் துண்டு போகிற நேரத்தில் வெளி லைன் அறுந்து, அது மட்டும் வெளியே போகாமல் இங்கேயே தங்கிவிட்டது. ஆண்ட்ரூ போட்டது மூன்று துண்டுக் குப்பை. யாரும் ஒட்ட முடியாமல் ஒரு வாரத்தில் தானாக அழிந்திருக்கும். அதைப் படமாக்கி ஊர் உலகத்துக்கெல்லாம் கொடுத்தது மரியதாஸ். அதுவும் கைதட்டிக் கூட்டம் சேர்த்துவிட்டு.

தன் மிஷினிலிருந்து எல்லாவற்றையும் அழித்தான். ஆண்ட்ரூவின் அக்கவுன்டை மூடினான். வெளியே போனதைத் திரும்பப் பெற ஓர் உத்தரவு அனுப்பினான். அதைப் பெரும்பாலான சர்வர்கள் சட்டையே செய்வதில்லை என்று அவனுக்கே தெரியும், அவனே ஒரு தடவை அப்படித்தான் விளக்கம் எழுதியிருந்தான். கடைசியில் பலகையில் கெஞ்சினான். 'இந்தப் பெண்ணுக்குத் தெரியாமல் போடப்பட்ட படம். எடுத்து வைத்திருக்கிறவர்கள் தயவுசெய்து அழித்துவிடுங்கள்.'

சனிக்கிழமைக்குள் பதினோரு பதில். ஒருவர் மட்டும் அழித்துவிட்டேன் என்றார். மற்றவர்களுக்கு ஒரே பாட்டு. 'விதி ஒன்பது, மாஸ்டர். இங்கே பிரசங்கம் கூடாது. நீங்கள் எழுதியதுதான்.' இந்தக் கலாட்டாவைப் பார்த்துப் புதிதாக வந்த நாலு பேர் அது எந்தப் படம் என்று கேட்டிருந்தார்கள். ஹாலந்துக்காரன், நல்ல மனசுக்காரன், அவர்களுக்காக நாலு துண்டையும் வரிசை பிசகாமல் மறுபடி போட்டிருந்தான்.

அன்று மத்தியானம் மரியதாஸ் தி.நகருக்குப் போனான். டிடிபி கடையில் ஆண்ட்ரூ ஒரு கல்யாணப் பத்திரிகையை ஸ்கேன் செய்துகொண்டிருந்தான். சட்டையைப் பிடிக்க வேண்டும் என்று பஸ் முழுக்க நினைத்துக்கொண்டு வந்தவனுக்கு, அவன் முகத்தைப் பார்த்ததும் கை எழவில்லை.

"வாங்க மச்சான்," என்றான் ஆண்ட்ரூ. "ரூல் எல்லாம் கரெக்டா ஃபாலோ பண்ணேன்ல?"

"ஏண்டா இப்படிப் பண்ண?"

"நான் இன்னா பண்ணேன்? நான் போட்டது யாருக்குமே போய்ச் சேரல. லைன் கட்டாயிடுச்சு, சரி போன்னு விட்டுட்டேன். ஃபர்ஸ்ட் பார்ட்ட ஊருக்கெல்லாம் அனுப்பினது யாரு?"

கடையில் வேறு யாருக்காவது கேட்டுவிட்டதா என்று மரியதாஸ் திரும்பிப் பார்த்தான்.

"போலீசுக்குப் போங்க," என்றான் ஆண்ட்ரூ, ஸ்கேனர் மூடியைச் சாத்திக்கொண்டே. "எந்த ஆபீஸ் மிஷின்லேருந்து போச்சு, யாரு அக்கவுன்ட் குடுத்தாங்க, அதையும் சொல்லிடுங்க. ஐவிக்கு நான் சொல்லிட்டேன். நேத்தே அவ ஸ்கூலுக்குக் கவர்ல அனுப்பிட்டேன்."

மரியதாஸ் ஆட்டோ பிடித்தான். சாந்தோம் வருவதற்குள் சொல்ல வேண்டியதையெல்லாம் மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டான். எந்த வரிசையில் வைத்தாலும் அது அசிங்கமாகவே இருந்தது.

அம்மா கோயிலில் நவநாள் ஜெபத்துக்குப் போயிருந்தாள். ஐவி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே, ஓரத்தில் துளை போட்ட பிரின்டர் தாள்கள். மேல்தாள் அவன் எழுதிய பாராட்டு. அடியில் பதினாலு விதிகள். அழுது முடித்த முகம், குரலில் நடுக்கம் இல்லை.

"டிரில்மாஸ்டர்னா நீதானா அண்ணா?"

தலையாட்டினான்.

"அப்பா பேரையா வெச்சுக்கிட்ட?"

அவன் உட்காரவில்லை. "ஐவி, அது நீன்னு எனக்குத் தெரியாது. சத்தியமா நான் தொறந்தே பாக்கல. பாக்காமத்தான் அனுப்பினேன்." இந்த ஒன்றையாவது அவள் நம்பிவிட்டால் போதும் என்று இருந்தது அவனுக்கு. தன்னிடம் மிச்சமிருந்த ஒரே யோக்கியதை அதுதான் என்று அந்த நிமிஷம்வரை நினைத்துக்கொண்டிருந்தான்.

"பாத்திருந்தா அனுப்பியிருக்க மாட்ட."

"மாட்டேன்."

"நான்ங்கறதால."

ஐவி விதிகள் இருந்த தாளைத் திருப்பி அவன் பக்கம் தள்ளினாள். பரீட்சைத் தாள் திருத்துகிறவள், ஒவ்வொரு விதியின் ஓரத்திலும் சிவப்புப் பேனாவால் சின்னதாக ஒரு புள்ளி வைத்துப் படித்திருந்தாள்.

"பதினாலு ரூல் போட்டிருக்க. ரெண்டு தடவை படிச்சேன். நம்பர் எப்படிப் போடணும், துண்டு எத்தனை வரி இருக்கணும், எல்லாம் இருக்கு. படத்துல இருக்கறவளுக்கு இது தெரியுமான்னு கேக்கறதுக்கு ஒரு ரூல் இல்ல."

வாசலில் யாரோ சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்கள்.

"இந்த மாதிரி, பாக்காம, எத்தனை அனுப்பியிருப்ப?" என்றாள்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பத்திருபது இருக்கும் என்று மழுப்பியிருக்கலாம். ஆனால் நீளநோட்டு கண் முன்னால் விரிந்து கிடந்தது. வியாழக்கிழமை மத்தியானம் அவனே அழகாகப் போட்ட கடைசி எண் அதில் இருந்தது.

"நானூத்திப் பன்னெண்டு," என்றான்.

ஐவி தாள்களை ஒன்றுசேர்த்து, விளிம்பு சரியாக இருக்கிறதா என்று மேஜையில் தட்டிப் பார்த்தாள். அவளும் அதே அப்பாவின் பெண்தானே.

"என்னையும் சேத்தா?" என்று கேட்டாள்.

"சேத்துத்தான்," என்றான் மரியதாஸ்.