அண்ணாச்சியின் குரல்

ஆவணி மாதம் ராஜபாண்டியன் வெடியுப்பு வாங்கக் குஜராத்துக்குப் போனார். நாரணாபுரத்தில் இருந்த அவருடைய பட்டாசுக் கம்பெனிக்கு அந்தச் சீசனில் நல்ல ஆர்டர். ஆனால் உள்ளூரில் வெடியுப்பு விலை ஏறிக்கொண்டே இருந்தது. நேரில் போய்ப் பேசினால் ஒரு லோடு மலிவாகப் படியும் என்று புரோக்கர் சொன்னதைக் கேட்டு ரயில் ஏறினார்.

கம்பெனியின் ஆபீஸ் சிவகாசி டவுனுக்குள் இருந்தது. அங்கே கணக்கு வழக்கு, பேங்க் வேலை எல்லாம் ஜெமிமாவின் பொறுப்பு. ஆமத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவாள். வேலைக்குச் சேர்ந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. வழக்கமாக ராஜபாண்டியன் போனில் இன்னாருக்கு இவ்வளவு என்று சொல்வார். ஜெமிமா கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். மேஜை டிராயரில் இருக்கும் ஆபீஸ் செல்போனுக்கு ஓடிபி வரும். அதை அடித்தால் பணம் போய்விடும். ஒரு தடவைகூடப் பிசகு வந்ததில்லை.

அவர் குஜராத் போய்ச் சேர்ந்த அன்று மத்தியானம் ஆபீஸ் லேண்ட்லைன் அடித்தது.

"ஜெமிமா, நான்தான் பேசுறேன். ரயில்ல என் போன எவனோ அடிச்சிட்டான். இது வேற ஆளோட போன். இப்ப ஒரு மெயில் வரும், அதுல அக்கவுண்ட் நம்பர் இருக்கும். எட்டு லட்சம் போட்டு விடு. சாயங்காலத்துக்குள்ள பணம் வரலைன்னா லோடு வேற ஆளுக்குப் போயிரும்."

அண்ணாச்சியின் குரல்தான். அந்த அவசரமும் அவருடையதுதான். ஜெமிமா, "சரிங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு மெயிலைத் திறந்தாள். இதுவரை பணம் அனுப்பியிராத புது அக்கவுண்ட். பெயரும் கேள்விப்படாத பெயர். அவளுடைய கை மவுஸில் நின்றுவிட்டது.

போன வருடம் அவளுடைய கணவன் ஞானசீலனுக்கு இப்படித்தான் ஒரு அழைப்பு வந்தது. அவன் பள்ளிக்கூட வாத்தியார். பேங்கிலிருந்து பேசுவதாக ஒருவன் சொன்னான். கேஒய்சி முடியவில்லை, இன்றைக்கே செய்யாவிட்டால் அக்கவுண்டை முடக்கிவிடுவோம் என்றான். ஞானசீலன் அவன் அனுப்பிய ஆப்பை இறக்கிக்கொண்டான். வீட்டுக்குத் தளம் போட வாங்கி வைத்திருந்த லோன் பணம், அவன் போனை வைப்பதற்குள் போய்விட்டது. தளம் போடாத அறைக்கு மேல் இன்றும் தகரம்தான் கிடக்கிறது. அதற்குப் பிறகு ஒருநாள், கம்பெனிகளில் பணம் அனுப்புகிறவர்களைக் கூப்பிட்டு பேங்கில் ஒரு கூட்டம் நடத்தினார்கள். ஜெமிமா முன் வரிசையில் உட்கார்ந்து கேட்டாள். புது நம்பர், புது அக்கவுண்ட், அவசரம் மூன்றும் சேர்ந்து வந்தால் நம்பாதீர்கள் என்றார் அதிகாரி. கேட்டுப் பழகிய குரலைக்கூட இப்போது மிஷினில் செய்துவிடுகிறார்கள் என்றும் சொன்னார்.

ராஜபாண்டியனின் நம்பருக்கு அடித்துப் பார்த்தாள். சுவிட்ச் ஆஃப். அவருடைய மனைவி கற்பகத்தைக் கூப்பிட்டாள்.

"காலையிலருந்து அவுக போன் கிடைக்கவே இல்ல ஜெமிமா. என்ன ஏதுன்னு தெரியாம உக்காந்திருக்கேன்" என்றாள் கற்பகம். ஜெமிமா விஷயத்தைச் சொன்னாள். கற்பகம், "போன் தொலைஞ்சிருந்தா எனக்கில்ல மொதல்ல சொல்லியிருப்பாக? நீ அனுப்பாத" என்றாள்.

அந்தச் சமயம் லேண்ட்லைன் திரும்ப அடித்தது.

"என்ன, பணம் இன்னும் வரலங்கான்?"

"அண்ணாச்சி, தப்பா நெனச்சுக்கிடாதீக. ஒரு வீடியோ கால் போட முடியுமா?"

"எதுக்கு?"

"புது அக்கவுண்டா இருக்கு. கூப்பிடுறது நீங்கதானான்னு தெரிஞ்சிட்டா போட்டு விட்டுருவேன்."

"இங்கன சிக்னலே ஒழுங்கா இல்ல. மூஞ்சியக் காட்டித்தான் என் பணத்த நான் வாங்கணுமா?"

"அப்ப ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நான் எந்த ஊர்லருந்து வேலைக்கு வாரேன்?"

எதிர்முனையில் யாரோ இந்தியில் பேசுவது மட்டும் கேட்டது.

"திருத்தங்கல்" என்றார்.

ஜெமிமா, "இல்லைங்க" என்றாள்.

"என்ன விளையாடுதியா? பணத்த அனுப்புன்னா அனுப்பணும். வீட்டுக்கெல்லாம் போன் பண்ணி அவளப் பயமுறுத்தாத!"

மனைவியிடம் சொல்லாதே என்றதும் அவளுக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. பேங்க் அதிகாரி இதையும் சொல்லியிருந்தார். "மன்னிச்சுக்கோங்க, அனுப்ப முடியாது" என்று போனை வைத்தாள். அது மறுபடியும் அடித்தது. எடுக்கவில்லை.

ஆனால் சும்மாவும் இருக்கவில்லை. மெயிலில் இருந்த போன் நம்பரை விட்டுவிட்டு, அண்ணாச்சி பார்க்கப் போயிருந்த குஜராத் வியாபாரி போன வருடம் அனுப்பியிருந்த பழைய பில்லைத் தேடி எடுத்து, அதிலிருந்த நம்பருக்குப் போட்டாள். யாரும் எடுக்கவில்லை. சாயங்காலம் வரை போட்டுப் பார்த்துவிட்டு பஸ் ஏறினாள். வழியெல்லாம், திருத்தங்கல் என்று சொன்ன அந்தக் குரலையே நினைத்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலை அந்த நம்பர் கிடைத்தது. வடக்கத்திப் பார்ட்டிகளோடு பேசிப் பழகிய அரைகுறை இந்தியில் விசாரித்தாள். ஆமாம், பாண்டியன் சேட் வந்திருந்தார், பணம் வரவில்லை, லோடு வேறு பார்ட்டிக்குப் போய்விட்டது, கோபமாக ரயிலுக்குப் போனார் என்றான் அங்கிருந்தவன். மெயிலில் இருந்தது அவர்கள் வேறு பெயரில் புதிதாகத் திறந்த அக்கவுண்ட்தான் என்றும் சொன்னான்.

ஜெமிமா போனை வைத்தாள். பிறகு கற்பகத்தைக் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி நல்லா இருக்காகக்கா. ஊருக்குக் கெளம்பிட்டாக."

"சாமியே, பிள்ளையாரேன்னு கெடந்தேன். நல்லவேளை" என்றாள் கற்பகம். பிறகு குரல் மாறியது. "அப்ப நேத்துப் பேசுனது அவுகதானா?"

"ஆமாக்கா."

"உனக்கு ரெண்டு தடவ பேசியிருக்காக. எனக்கு ஒரு வார்த்த சொல்லணும்னு தோணல, பாரு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ராஜபாண்டியன் ஊருக்கு வந்ததும் வீட்டில் குளித்துவிட்டு நேரே ஆபீஸுக்கு வந்தார். ஜெமிமா எழுந்து நின்றாள்.

"இத்தன வருசம் சம்பளம் குடுக்கிறவன் குரல் உனக்குத் தெரியலையா?"

"குரல் தெரிஞ்சது அண்ணாச்சி. குரல மட்டும் நம்பி அனுப்பக் கூடாதுன்னு பேங்க் மீட்டிங்ல சொன்னாக, அதான் அனுப்பல."

"இப்ப அதே உப்ப எம்புட்டு விலைக்கு வாங்கணும் தெரியுமா? இந்த நட்டத்த யாரு குடுப்பா? நீ குடுப்பியா?"

ஜெமிமா டிராயரைத் திறந்து ஆபீஸ் செல்போனையும் சாவியையும் எடுத்து மேஜை மேல் வைத்தாள். "நான் நின்னுக்கிடுறேன்" என்றாள். அழக்கூடாது என்று நினைத்திருந்தாள், கண் கலங்கிவிட்டது.

அதற்குள் கற்பகம் ஆட்டோவில் வந்து இறங்கினாள். கம்பெனியில் அவளும் ஒரு பங்குதாரர். ஆனால் கையெழுத்துப் போடுவதற்குத் தவிர ஆபீஸ் பக்கம் வருவது கிடையாது.

"அவளத் திட்டாதீக. அனுப்பாதன்னு சொன்னது நான். நட்டத்த என் பங்குல கழிச்சுக்கோங்க."

"நீ ஏன் அப்படிச் சொன்ன?"

"நெசமாவே நீங்களா இருந்தா எனக்குப் பேசுவீகன்னு நெனச்சேன்."

ராஜபாண்டியன் நாற்காலியில் உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். "உன் நம்பர் எனக்கு ஞாபகம் இல்ல" என்றார். "எல்லாம் அந்தப் போன்லதான் இருந்துச்சு. ஆபீஸ் நம்பர் நம்ம விலைப்பட்டியல்ல அச்சடிச்சிருந்துச்சு. அதப் பாத்துத்தான் போட்டேன்."

கற்பகம் வெளியே போய், நிறுத்தி வைத்திருந்த ஆட்டோவிலேயே ஏறிப் போய்விட்டாள். ஜெமிமாவும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். இரு என்றோ போ என்றோ அவர் சொல்லவில்லை.

அன்றிரவு ஞானசீலனிடம் நடந்ததைச் சொன்னாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டுவிட்டு, "நாளைக்குப் போ. போகச் சொல்லாத வரைக்கும் அது உன் வேலைதான்" என்றான்.

மறுநாள் போனாள். சாவியும் செல்போனும் வைத்த இடத்திலேயே இருந்தன. ராஜபாண்டியன் அவளுக்கு முன்பே வந்திருந்தார். அந்தப் பேச்சையே எடுக்காமல் ஆர்டர் விவரங்களைக் கேட்டார். தேநீர் வந்தபின் கேட்டார்:

"அந்தப் பேங்க் மீட்டிங்ல வேற என்னம்மா சொன்னான்?"

அவள் சொன்னாள். பெரிய தொகை என்றால் ஒருத்தர் ஏற்றி இன்னொருத்தர் தன் போனில் சம்மதம் கொடுத்தால்தான் போகும்படி பேங்கிலேயே செய்துகொள்ளலாம். புது அக்கவுண்டுக்கு முதலில் ஒரு ரூபாய் அனுப்பி, சேர்ந்ததா என்று தெரிந்த நம்பரில் கேட்க வேண்டும். ஓடிபியை யார் கேட்டாலும் சொல்லக்கூடாது. நமக்குள் மட்டும் ஒரு வார்த்தை பேசி வைத்துக்கொண்டால் குரலை எவன் செய்தாலும் மாட்டிக்கொள்வான்.

"அப்ப 'லட்சுமி வெடி'ன்னு வச்சுக்கிடுவோம்."

"பட்டாசுக் கம்பெனிக்காரர் என்ன வார்த்த வைப்பார்னு எவனும் ஊகிச்சிருவான் அண்ணாச்சி."

அவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு வேறொன்று சொன்னார். ஜெமிமா சிரித்துவிட்டாள். அது அவர்களோடு கற்பகத்துக்கு மட்டும்தான் தெரியும். அந்த வாரமே பேங்குக்குப் போய், பெரிய தொகைக்குக் கற்பகத்தின் போனில் சம்மதம் கொடுக்கும்படி மாற்றினார்கள். படிவத்தில் மனைவியின் நம்பரை எழுத ராஜபாண்டியன் புதுப் போனைத் திறக்கப் போனார். திறக்காமல், கொஞ்சம் தடுமாறி, மனதிலிருந்தே எழுதினார். கற்பகம் அதைச் சரிபார்த்துவிட்டு, கடைசி இரண்டு எண்ணை மாற்றி எழுதினாள்.

உப்பை அதிக விலை கொடுத்துத்தான் வாங்கினார்கள். அந்த வருடம் லாபம் குறைந்தது. அதைப்பற்றி அவர் ஜெமிமாவிடம் பேசவில்லை. அவள் செய்தது சரி என்றும் ஒருநாளும் சொல்லவில்லை.

புரட்டாசி முடியும்போது ஆபீஸ் செல்போனுக்கு ஒரு வாட்ஸப் வந்தது. புது நம்பர். ஆனால் ராஜபாண்டியனின் போட்டோ. ஜெமிமா படித்துவிட்டு, எதிர் மேஜையில் உட்கார்ந்திருந்த அவரிடமே நீட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்:

"வணக்கம் மேடம். நல்லா இருக்கீங்களா? வீட்ல எல்லாரும் சௌக்கியமா? நான் மீட்டிங்ல இருக்கேன். கீழ உள்ள அக்கவுண்டுக்கு அவசரமா மூணு லட்சம் அனுப்பி உதவி பண்ணுங்க. சிரமத்துக்கு மன்னிக்கவும்."

இரண்டு தடவை வாசித்தார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"இதப் பாத்தாலே நான் இல்லன்னு தெரியுமே" என்றார் மெதுவாக.

ஜெமிமா அதற்குள் சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்குப் போட்டு, அந்த நம்பரை ஒவ்வொரு எண்ணாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.